வீட்டுப் பள்ளியும் கிறிஸ்தவப் பாலரின் பாடக்கிரமமும்

(நம் சங்கத்தின் அய்யலூர்க் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யான் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்த விஷயம், ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டுவோர் எங்ஙனம் பாடக்கிரமம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதாம். நம் சங்கத்தில் திருநீறு அணிந்தோரும் சிலுவை பூண்டோரும் ஒரே பாயில் அமர்ந்து காரியம் பார்ப்பது நெடுநாள் வழக்கம். ஆதலின், இது எங்களுக்கு வேண்டாத பேச்சென்று எவரும் எழுந்து போகவேண்டாம். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி இரு திறத்தார்க்கும் பொதுவானதே.

முதலில் என்னைப்பற்றி ஒரு வார்த்தை. முப்பத்துநான்கு வருஷம் ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயனாக உழைத்து ஓய்வு பெற்றவன் யான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று தோட்டந்தோட்டமாக நடந்து கெஞ்சியவன். அத்தகையவன் வீட்டிலேயே இரண்டு பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் படிக்கின்றனர் என்றால், ஊரார் நகைப்பது நியாயமே. யானும் ஆதியில் இதனை எதிர்த்தவனே.

நடந்தது இது. 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் பொருட்டுப் பள்ளிகள் அடைக்கப்பட்டன. கீழ்வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் மாதத்தில். என் பேத்தி பள்ளியிற் காலடி வைக்கவேண்டிய பருவம் அவ்வாறு திண்ணையிலேயே கழிந்தது. பின்னர் அவளைச் சேர்த்த பள்ளி எதுவென்று சொல்லேன். காலை ஏழு மணிக்கு வண்டியேறிப் போவாள்; மாலை ஐந்தரைக்கு வாடிய கீரைத்தண்டு போல் வந்திறங்குவாள். இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஒப்பிப்பாள். பொருள் கேட்டால் விழிப்பாள். ஒருநாள் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அழைத்தபோது, தமிழில் ஒரு வசனத்தை எழுத்துக்கூட்டிக் கூட்டிப் பாதியில் நின்று, புத்தகத்தை மூடிவிட்டு அழுதாள். அன்றிரவு என் மருமகள், “மாமா, நீங்கள் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்களே, நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டீர்களா?” என்றாள். அதற்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பேத்தியையும், அடுத்து அவள் தம்பியையும் வீட்டிற் படிப்பித்தல் தொடங்கினோம். இப்போது அவளுக்கு வயது பதினொன்று; அவனுக்கு ஒன்பது.

வீட்டுக்கல்வி புதுமையென்று சிலர் கருதுகின்றனர். சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-ல் ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி ராஜதானி முழுமையிலும் 12,498 பாடசாலைகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். சென்னைப் பட்டணத்தில் மட்டும் வீட்டிலேயே கற்றோர் 26,963 பேர் என்று கணக்கு வந்தது. அது அப்பட்டணத்துப் பாடசாலைகளிற் கற்றோரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இத்தொகையில் பிழையிருக்கலாமென்று மன்றோவே ஐயுற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் தகப்பனும் பாட்டனும் திண்ணையில் அமர்ந்து அரிச்சுவடி கற்பித்தது நம் நாட்டில் சாதாரணமாயிருந்ததென்பதில் ஐயமில்லை. அக்கணக்கில் பெண்மக்கள் எத்தனைபேர், உழுதுண்டோர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனைபேர் என்று நினைத்துப் பார்த்தால் நம் பெருமிதம் சற்றுத் தணியும்.

இனி எங்கள் முதல் வருஷத்துப் பிழையைக் கேளுங்கள். என் மகன் அமெரிக்க தேசத்திலிருந்து ஒரு பெட்டி நிறையக் கிறிஸ்தவப் பாடப்புத்தகங்களை விலைகொடுத்து வருவித்தான். கனத்த தாள், கண்ணைப் பறிக்கும் படங்கள், இன்ன திங்களில் இன்ன பக்கம் என்ற அட்டவணை. அட்டவணையைப் பின்பற்றினால் போதுமே என்று யானும் மகிழ்ந்தேன். சித்திரை மாதம், வெயில் தகிக்கின்றது, கிணற்றில் நீர் அடியில் கிடக்கின்றது. பேரனோ பனி உருகி ஓடை பெருகுவதையும், அதன் கரையில் இலை துளிர்ப்பதையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அவன் தன் வாழ்நாளில் பனிக்கட்டியைக் கண்டது மீன் பெட்டியில் மட்டுமே. அப்புத்தகங்களில் ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் ஒரு வேதவசனம். கூட்டற் கணக்குக்கு ஒன்று, பெயர்ச்சொல்லுக்கு ஒன்று. சில மாதங் கழித்துப் பேத்தி, “தாத்தா, கணக்குக்குக்கூட ஜெபம் பண்ணவேண்டுமா?” என்று சலித்துக்கொண்டாள். அவ்வார்த்தை என்னைச் சுட்டது. எல்லாப் பண்டத்திலும் ஒரே சீராக உப்பைக் கொட்டுகிறவளுக்குச் சமையல் தெரியாதென்பர். வேதத்தை யான் அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தேன். பெட்டி இப்போது பரணில் இருக்கிறது.

எட்டாத தேசத்துக்கு அலைந்தோமே, நம் ஜில்லாவிலேயே நடந்ததை அறியாதிருந்தோம். இத்தாலிய தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார், மருத்துவம் பயின்ற கத்தோலிக்கர், 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உடன்வந்த மகன் மாரியோ, 1940-ல் இத்தாலி யுத்தத்திற் சேர்ந்ததும், பகைநாட்டுக் குடியென்று சர்க்காரால் சிறிதுகாலம் காவலில் வைக்கப்பட்டு விடுதலையடைந்தார். தாயகம் திரும்ப வழியின்றி இருந்த அவ்வம்மையார் 1942 முதல் 1944 வரை வசித்த ஊர் கொடைக்கானல். அன்று அது மதுரை ஜில்லா. 1985 முதல் நம் திண்டுக்கல் ஜில்லா. அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒருங்கே வைத்து அவர் நடத்திய சிறு பள்ளியிலேதான், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர்க்கான அவருடைய பாடமுறை உருப்பெற்றது. மலையின் செடியும் பாசியும் நீர்நிலையுமே அங்கே பாடப்பொருள்கள். பின்னர் 1948-ல் அம்முறையை விளக்கும் அவர் நூலொன்றை அடையாற்றுக் கலாக்ஷேத்திரம் வெளியிட்டது.

அம்மையார் கண்டது யாதெனில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை “இது என்ன?” என்று தொட்டுப் பார்க்கிறது; அதற்கு மேற்பட்ட பிள்ளை “இது ஏன்? எப்படி வந்தது? இது நியாயமா?” என்று கேட்கிறது. ஆகையால் அப்பிள்ளைக்குத் துண்டு துண்டாகப் பாடத்தைக் கொடாமல், பிரபஞ்சம் தோன்றியது, உயிர்கள் தோன்றியது, மனிதன் வந்தது, எழுத்துப் பிறந்தது, எண் பிறந்தது என்று பெருங்கதைகளாக முழுமையை முதலிற் காட்டு. பிறகு அவன் விரும்பும் கிளையைப் பிடித்துக்கொண்டு இறங்குவான் என்றார். வீட்டுப் பள்ளிக்கு இதைவிட ஏற்ற முறை வேறில்லை. வீட்டில் ஒன்பது வயதினனும் பதினொரு வயதினளும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்க, கதை ஒன்றாகவும் வேலை வேறாகவும் இருக்கலாமன்றோ? இன்னொன்றும் கூறுவேன். பார்சிலோனா நகரில் அவருடைய மாணாக்கர், திருப்பலிக்குரிய அப்பத்துக்கும் இரசத்துக்கும் வேண்டிய கோதுமையையும் திராட்சையையும் தம் கையாலேயே பயிர்செய்தனராம். வசனத்தைக் கணக்கின் தலையில் ஒட்டுவதற்கும் இதற்குமுள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு நாளின் ஒழுங்கைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தே முக்காலுக்கு முடிப்போம். அதற்குமேல் இப்பருவத்துப் பிள்ளையை உட்கார்த்துவது வீண். எந்தப் பாடமும் அரைமணிக்கு மேற்படாது. முதல் இருபது நிமிஷம் வேதபாடம். ஒரு பகுதியை ஒரே தடவை வாசிப்பேன். பிள்ளைகள் அதைத் தம் சொல்லில் திரும்பச் சொல்லவேண்டும். யான் இடையிற் பேசேன், திருத்தேன், நீதியும் சொல்லேன். இங்கிலாந்தில் ஷார்லட் மேசன் என்னும் அம்மையார் 1886-ல் வெளிவந்த தம் வீட்டுக்கல்வி நூலில் கேட்டதைத் திரும்பச் சொல்லும் முறையை வற்புறுத்தினார். நம் திண்ணைப் பள்ளிகளில் முறை சொல்லுதல் என்று இதற்கு அண்ணன் முறையானதொன்று இருந்தது. ஆனால் அது ஒப்பித்தல். இது தன் சொல்லிற் சொல்லுதல். பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்பது இரண்டு நிமிஷத்தில் வெளிப்பட்டுவிடும்.

வேதபாடத்தை மூன்று வருஷமாகப் பங்கிட்டிருக்கிறோம். முதல் வருஷம் ஆதியாகமம் தொடங்கிப் பிதாக்களும் அரசர்களும். இரண்டாம் வருஷம் லூக்கா எழுதிய சுவிசேஷம். மூன்றாம் வருஷம் அப்போஸ்தலர் நடபடிகள், அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டுத் திருச்சபையின் சரித்திரம். எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்பீர்கள். 1871-ல் முடிந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் ஓசை என் காதிற் பாலாகப் பாய்கிறது. ஆனால் பேரனுக்கு அதன் வடசொற்கள் தடுக்கின்றன. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அவனுக்கு எளிது. ஆகவே அவன் வாசிப்பது பின்னது. மனப்பாடம் செய்வது முன்னது. இதுபற்றி எங்கள் சபையில் இருவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டனர், அது இருக்கட்டும்.

கணக்கை இப்போது வேதத்தோடு பிணைக்க யான் முயல்வதில்லை. தானே பிணையும் இடத்தில் விட்டுவிடுகிறேன். நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்று வாசித்தோம். உடனே பேரன், “யார் முழம், தாத்தா?” என்றான். நல்ல கேள்வி! அவன் முழத்தை அளந்தோம், பதினான்கு அங்குலம். என் முழம் பதினெட்டு. சந்தையிற் பூ விற்கும் அம்மாளின் முழத்தையும் அளந்துவந்தோம். அதன் அளவைச் சொல்லி அவர் வியாபாரத்தைக் கெடுக்க விரும்பவில்லை. என் முழப்படி பேழையின் நீளம் 450 அடி. பேரன் முழப்படி 350 அடி. நூறடி வித்தியாசம்! அளவுக்கு ஒரு பொதுக்கோல் ஏன் வேண்டுமென்று அவனுக்கு யான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேத்தி 450-ஐ 75-ஆல் பெருக்கி, ஒரு தட்டின் பரப்பு 33,750 சதுர அடி என்றாள். ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடியாக வகுத்தபோது ஏறக்குறைய எழுபத்தேழரைச் சென்டு வந்தது. “நம் தக்காளிக் காட்டைவிடச் சிறிதா?” என்று இருவரும் காட்டுக்கு ஓடிக் காலடியால் அளந்தனர். அன்று கணக்குப் பாடம் அரைமணியைக் கடந்து உச்சிவேளை வரை போயிற்று, யான் தடுக்கவில்லை. யோசேப்பு எகிப்தில் ஐந்திலொரு பங்கு தானியத்தைச் சேமித்த கதை பின்னத்தையும் வீதத்தையும் இவ்வாறே கொண்டுவந்தது. இலாப நஷ்டத்துக்கோ, அய்யலூரிலிருப்போர் புத்தகம் தேட வேண்டுவதில்லை. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு அழைத்துப்போனால் போதும். துண்டுக்குள் கைவிட்டு விரல்பிடித்துப் பேரம் பேசும் பழைய வழக்கத்தை என் தகப்பனார் எனக்குக் காட்டியதுபோல் யான் அவர்களுக்கு நடித்துக் காட்டினேன்.

தமிழ்ப்பாடத்தைப் பற்றி ஒரு சகோதரர் என்னிடம் வருத்தப்பட்டார். ஆத்திசூடியும் திருக்குறளும் கிறிஸ்தவ வீட்டுப்பள்ளியில் எதற்கென்றார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் வீரமாமுனிவர். முழுவதையும் இங்கிலீஷில் பெயர்த்து 1886-ல் வெளியிட்டவர் போப்பையர். இவ்விருவரும் குருமாரே. அவர்களுக்கு ஆகாத கேடு நம் பிள்ளைக்கா வந்துவிடும்? மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1859-ல் வெளியிட்ட நீதிநூலையும் வாரம் ஒருமுறை படிக்கிறோம். முன்சீபாயிருந்து உலகம் கண்டவர், கத்தோலிக்கர், பெண்கல்விக்கு வாதாடியவர். அவருடைய எளிய செய்யுட்கள் பத்துவயதுப் பிள்ளைக்குப் பிடிபடுகின்றன. இங்கிலீஷ் தினமும் அரைமணி உண்டு, அதைக் குறைக்கலாகாது.

இயற்கைப் பாடத்தில் நம் ஊர்ப்பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள். நம் அய்யலூர்க் காடுகளில் இரவில் விழித்துத் திரியும் தேவாங்கைக் காக்கவென்றே 2022 அக்டோபரில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. கரூர், திண்டுக்கல் இரு ஜில்லாக்களிலுமாக 11,806 ஹெக்டர். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதற் சரணாலயம் அதுவே. பயிர்ப்பூச்சியைத் தின்று உழவனுக்கு உதவும் அச்சாதுப் பிராணியை, அபசகுனமென்று அடித்தவர்களும் மருந்தென்று பிடித்தவர்களும் நம்முள் உண்டு. பிள்ளைகள் ஏட்டில் அதன் படம் வரைந்து, உணவு, வாழிடம், எதிரி யாவும் எழுதியிருக்கின்றனர். ஒருநாள் வரப்பில் மண்ணுளிப் பாம்பொன்றைக் கண்டு, அதன் சாஸ்திரப் பெயரைத் தேடினோம். எரிக்ஸ் ஜானியை என்றிருந்தது. யார் இந்த ஜான்? தரங்கம்பாடி மிஷனில் 1771 முதல் 1813 வரை ஊழியம் செய்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் குருவானவர்! மறை போதித்ததோடு பாம்பும் மீனும் சிப்பியும் சேகரித்து ஆராய்ந்தவர். ஏழைப்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் நடத்தியவர். வரப்பிற் கண்ட பாம்பு எங்களைத் தரங்கம்பாடிக்கு இழுத்துச்சென்றது.

அந்த ஜானிடம் கற்றோருள் ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர், தஞ்சையில் பள்ளித்தலைமை வகித்தவர். அவர் 1800-ல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், பக்திப்பாடலினூடே பூமி சூரியனைச் சுற்றும் கோப்பர்னிக்கஸ் கொள்கையும் பூகோளமும் வருகின்றன. புதிய விஞ்ஞானத்துக்கு அவர் அஞ்சவில்லை. எங்கள் பரண்பெட்டியின் விஞ்ஞானப் புத்தகமோ பூமிக்கு ஆறாயிரம் வயதென்று சாதித்தது. பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டென்று விஞ்ஞானிகள் பாறைகளின் கதிரியக்கத்தைக்கொண்டு கணித்திருக்கின்றனர். அதையே யான் கற்பிக்கிறேன். பட்டாணிச்செடியில் பரம்பரை விதி கண்ட மெண்டல் ஒரு துறவி. விரியும் பிரபஞ்சத்தைப்பற்றி 1927-ல் எழுதிய லெமைத்ர் ஒரு குருவானவர். இவர்கள் விசுவாசத்தை இழக்கவில்லை. இதிற் கருத்து வேறுபாடுடையோர் இச்சபையிலும் இருப்பீர்கள். ஆனால் பிள்ளை நாளை பரீட்சைக்குப் போகிறவள் என்பதை மறவாதீர்கள்.

இனிச் சரித்திரம். இவ்விடத்தில் யான் சற்று நின்று பேசவேண்டும். 1578-ல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர், நூறு வருஷங் கழித்துத் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1835-ல் திண்டுக்கல்லில் தொடங்கிய அமெரிக்க மிஷன் என்று வரிசையாகச் சொல்லிவந்தபோது பிள்ளைகள் மகிழ்ந்து கேட்டனர். வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றிச் சொன்னபோது பேத்தி, “அவர் ரொம்ப நல்லவரா தாத்தா?” என்றாள். ஆமென்று சொல்லி மேலே போயிருக்கலாம். ஆனால் 1820-களின் இறுதியில், தேவாலயத்திற் சாதிப்பிரிவினை கூடாதென்று இளைய மிஷனரிமார் வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் பழைய வழக்கத்தின் பக்கம் நின்று எழுதினார், பதவியும் இழந்தார். கிரகங்களின் இயக்கத்தை ஏற்றுக்கொண்ட அறிவாளி, பக்கத்தில் அமர்பவரை ஏற்கத் தயங்கினார். இதை யான் மறைக்கவில்லை. அவள் சிறிதுநேரம் பேசாதிருந்து, “நம் சங்கத்திலே யார் யார் சேரலாம்?” என்று கேட்டாள்.

சகோதரர்களே, அக்கேள்வியை யான் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் உங்கள் முன் கொண்டுவந்திருக்கிறேன். பாடசாலையில் எத்தனையோ குறையிருக்கலாம். ஆனால் அங்கே பல தெருப்பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சத்துணவை உண்கின்றனர். வீட்டுப் பள்ளியில் பிள்ளை காண்பது யாரை? தன் குடும்பத்தை, தன் சபையை, தன் சாதியை. முதல் வருஷ முடிவில் பேத்தி, “எனக்குச் சிநேகிதியே இல்லை” என்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. அதன்பின் மாலை ஐந்தரை முதல் ஏழு மணிவரை எங்கள் திண்ணையை எல்லாத் தெருப்பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டோம். 2021 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்புகள் எனக்கு வழிகாட்டின. இப்போது பதினான்கு பிள்ளைகள் வருகின்றனர். பெரியவர் சிறியவருக்குச் சொல்லிக்கொடுப்பர். திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையின் இவ்வேலையையும், மணலில் விரலால் எழுதும் வழக்கத்தையும் சென்னையிற் கண்டுதான் ஆண்ட்ரு பெல் என்பவர் சீமைக்குக் கொண்டுபோய் மதராஸ் முறையென்று பெயரிட்டார். “எல்லாரையும் திண்ணையில் ஏற்றிவிட்டீரே” என்று நம்மவர் சிலர் முகஞ்சுளித்தனர். அவர்களுள் இருவர் இதோ முன்வரிசையில் இருக்கின்றனர், வணக்கம். திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆகஸ்டு மாதத்துச் செபஸ்தியார் திருவிழாவின் அன்னதானத்திற் சாதி சமயம் பாராமல் ஆயிரக்கணக்கானோர் பந்தியில் அமர்கின்றனர். அங்கே நாமும் போய் உண்கிறோமே. சோற்றுக்குப் பொருந்தியது படிப்புக்குப் பொருந்தாதோ?

பெண்மக்களைப்பற்றியும் சொல்லவேண்டும். வீட்டுப்படிப்பென்றதும் சில தகப்பன்மார் என்னிடம் ஆவலோடு வந்தனர். அவர்கள் பேச்சைச் சற்றுக் கிளறியபோது, பெண் வயதுக்கு வந்தபின் வெளியே அனுப்பவேண்டாம், வீட்டு வேலைக்கும் ஆயிற்று என்பதே உட்கருத்தென்று தெரிந்தது. அவர்களுக்கு யான் பாடக்கிரமம் எழுதிக் கொடுக்கவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் சூசன்னா வெஸ்லி என்னும் குருபத்தினி, தப்பிப்பிழைத்த தம் பத்துப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஆறுமணி நேரம் வீட்டிலேயே கற்பித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையைத் தனியே ஒதுக்கி உரையாடினார். மகன் ஜானுக்கு வியாழக்கிழமை. பெண்பிள்ளை நன்றாக வாசிக்கத் தேறும்வரை அவளைத் தையல் முதலிய வேலைக்கு உட்கார்த்தலாகாதென்பது அவ்வீட்டின் விதி. என் மருமகள் அவ்விதியைத் தமிழில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஆதலால் தண்ணீர்க்குடம் எடுப்பது இப்போது பேரன் வேலை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதியில் அமலுக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளையை அண்மைப் பள்ளியிற் சேர்ப்பது பெற்றோர் கடமையென்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியைப் பெயர்சொல்லி அங்கீகரிக்கவுமில்லை. ஆகவே இவ்வழியிற் போவோர் திரும்பிவரும் வாசலை அடைக்கலாகாது. பன்னிரண்டரை வயது நிறைந்தோர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத நம் ராஜ்ஜியத்தில் இடமுண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, அரசாங்கப் பாடநூல்களை மூன்று பருவத்துக்கும் வாங்கி வைத்திருக்கிறோம். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதக் கடைசிச் சனிக்கிழமையில் அவற்றிலிருந்து கேள்வி எழுதிக்கொடுத்து விடை வாங்குகிறேன். போன மாதம் பேத்தி சமூக அறிவியலில் மட்டமாக எழுதினாள்; என் கதைகளில் வரைபடமும் ஆட்சிமுறையும் குறைந்துவிட்டன என்று கண்டு, வாரத்தில் இரண்டு பாடம் அதற்குச் சேர்த்திருக்கிறேன். அடுத்த ஜூன் மாதம் பள்ளிக்குப் போகவேண்டுமென்று அவள் விரும்பினால் அனுப்பிவிடுவோம். விரும்புவாள் போலத்தான் தோன்றுகிறது.

கடைசியாகச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இக்கட்டடத்தின் மேல்மாடி அறை கலியாணப் பாத்திரங்களால் நிறைந்திருக்கிறது. அப்பாத்திரங்களை என் தொழுவத்தில் வைத்துக்கொள்ள யான் சம்மதிக்கிறேன். அவ்வறையில் ஒரு பாய், இரண்டு விளக்கு, ஓர் அலமாரி புத்தகம் போட்டு, மாலைவேளையில் எல்லாத் தெருப்பிள்ளைகளுக்கும் திறந்துவைக்க வேண்டுகிறேன். எல்லாத் தெருப்பிள்ளைகளுக்கும் என்ற சொல்லைத் தீர்மானத்தில் விடாமல் எழுதவேண்டும். விட்டால் யான் கையொப்பமிடேன்.

பேரப்பிள்ளைகளின் ஏடுகளை அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். தேவாங்குப் படம் மூன்றாவது ஏட்டில் இருக்கிறது. பேத்தியும் வந்திருக்கிறாள். தாய்மார்கள் வேண்டியதை அவளிடமே கேட்கலாம். லூக்கா சுவிசேஷத்தில் எந்த இடத்தைத் திறந்து கொடுத்தாலும் தமிழில் வாசிப்பாள்.